மூடுங்கள், ஆனால் தள்ளிவிடாதீர்கள்: க்ளோஸ் ஓட்டுப் போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிரலர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் அதன் சகோதரத் தளங்களிலும் 3,000 புள்ளியைத் தாண்டி, கேள்விகளை மூட ஓட்டுப் போடும் உரிமை பெற்றிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

இடம் தவறி வந்த கேள்வியை என்ன செய்வது என்பதைப் பற்றியே இந்த மடல். மூடலாமா என்று பார்க்க வேண்டிய கேள்விகள் வந்து நிற்கும் ரிவ்யூ வரிசையில் நாளும் உட்காருபவர்களுக்கு இது புதிய விஷயமில்லை. ஆனாலும் மூடுவது, நகர்த்துவது, அழிப்பது ஆகிய மூன்றும் நம் கையில் ஒரே காரியம்போல ஆகிவிட்டன. ஒருவர் மூடுகிறார், அடுத்தவர் "சூப்பர் யூசரில் போய்க் கேள்" என்று கமென்ட் போடுகிறார், மூன்றாமவர் டவுன்வோட்டு (கழித்தல் ஓட்டு) போட்டு, இரண்டு நாள் கழித்து டெலீட் ஓட்டும் போடுகிறார். மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். கேட்டவருக்கோ பதிலும் இல்லை, எங்கே போவது என்ற தெளிவும் இல்லை, கடைசியில் கேள்வியும் இல்லை.

தாராளமாக மூடுங்கள். அதில் எங்களுக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. நகர்த்துவதற்கு மட்டும் நிறையத் தயங்குங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. அழிப்பதைப் பெரும்பாலும் கணினியின் கடிகாரமே பார்த்துக்கொள்ளும், அதை முந்த வேண்டாம்.

மூடுவது எளிதில் திரும்பப் பெறக்கூடிய முடிவு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2019 முதல் மூன்று ஓட்டு விழுந்தால் கேள்வி மூடப்படுகிறது (அதற்கு முன் ஐந்து). மீண்டும் மூன்று ஓட்டு விழுந்தால் திறந்துவிடும். மூடிய கேள்விக்குப் புதுப் பதில் எழுத முடியாது, அவ்வளவுதான் நடக்கிறது. கேள்வி அதே இடத்தில் இருக்கும், திருத்தலாம், கமென்ட்டில் பேசலாம். தப்பாக மூடினாலும் சேதம் குறைவு.

நகர்த்துவது அப்படியல்ல.

2008-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தொடங்கியது. 2009-ல் சர்வர் ஃபால்ட்டும் சூப்பர் யூசரும் சேர்ந்தன. அந்த நாளில் கணக்கு சுலபம்: நிரல் என்றால் இங்கே, சர்வர் நிர்வாகம் என்றால் அங்கே, வீட்டுக் கணினி என்றால் மூன்றாவது இடம். 2010-க்குப் பிறகு புதுத் தளங்கள் வரிசையாக வந்து, இப்போது 170-க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனி மாடரேட்டர்கள், எதை ஏற்பது எதை மறுப்பது என்று பல வருடம் மெட்டாவில் (தளத்தின் நடைமுறைகளைப் பேசும் துணைத் தளம்) சண்டை போட்டு எழுதிய விதிகள். தளத்தின் பெயரைப் பார்த்து அங்கே எது செல்லுபடியாகும் என்று ஊகிப்பவர் பெரும்பாலும் தவறாகத்தான் ஊகிப்பார்.

அதனால்தான் க்ளோஸ் பெட்டியில் "வேறு தளத்துக்கு உரியது" என்பதைத் தொட்டால் வரும் பட்டியல் அவ்வளவு குட்டையாக இருக்கிறது. ஒரு தளத்துக்கு அதிகபட்சம் ஐந்து பாதைகள், அதில் ஒன்று சொந்த மெட்டாவுக்கு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மீதி நான்கு: சூப்பர் யூசர், ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருளுக்கான டெக் (TeX) தளம், டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், புள்ளியியலுக்கான கிராஸ் வேலிடேட்டட். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை அதே தளத்தைச் சுட்டினால்தான் கேள்வி நகரும். வேறு எந்தத் தளத்துக்கும் அனுப்ப வேண்டுமென்றால் மாடரேட்டர்தான் செய்ய முடியும். 60 நாளுக்கு மேல் பழைய கேள்வியை மாடரேட்டராலும் நகர்த்த முடியாது. இந்த 60 நாள் எல்லை காரணமில்லாமல் வைத்ததல்ல. ஒரு தளத்தில் பல மாதம் கிடந்து, பதில்களும் ஓட்டுகளும் சேர்ந்து, தேடுபொறி வழியாக ஆட்கள் வந்துபோகும் பக்கத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனால் இரண்டு தளமும் குழம்பும்.

நகர்த்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கேள்வி, பதில்கள், கமென்ட்கள் எல்லாம் புதுத் தளத்தில் பிரதியாகின்றன. பழைய இடத்தில் பூட்டிய ஒரு அடிக்கட்டை மட்டும் நிற்கும். லாகின் செய்யாமல் வருபவர் பழைய சுட்டியை அழுத்தினால் நேரே புது இடத்துக்குப் போவார். 30 நாள் கழிந்ததும் அந்த அடிக்கட்டை தானாக அழியும். கேட்டவருக்குப் புதுத் தளத்தில் கணக்கு இருந்தால் கேள்வி அவர் பெயரிலேயே சேரும். இல்லையென்றால் உரிமையாளர் இல்லாத பெயராகக் கிடக்கும், அவர் அங்கே கணக்குத் திறந்த பிறகுதான் அது அவருடையதாகும். பிரச்சினை இங்கேதான். புதிதாக வந்த ஒருவர், ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிவு செய்ததே நேற்றுதான். இன்று அவர் கேள்வி பெயரே கேள்விப்படாத ஒரு தளத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் "எந்தப் பதிப்பு?" என்று கமென்ட்டில் கேட்கிறார். இவர் அங்கே கணக்கே திறக்கவில்லை. விளக்கம் வராததால் கேள்வியை அங்கேயும் மூடுகிறார்கள்.

அப்படி மூடினால், நகல் (ஏற்கெனவே கேட்கப்பட்டது) என்ற காரணத்தைத் தவிர வேறு எந்தக் காரணமாக இருந்தாலும், நகர்த்தல் நிராகரிக்கப்பட்டதாகக் கணக்கு. கேள்வி கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, மூடிய நிலையில் உட்காரும். தாலுகா ஆபீஸில் இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்கு அனுப்பி, அவர்கள் முத்திரை குத்தாமல் திருப்பி அனுப்பியதுபோல. கேட்டவருக்கு மிச்சம் இரண்டு மறுப்பு. அனுப்பிய நமக்கு ஒரு நொடி வேலை. நடுவில் அந்தத் தளத்தில் மூன்று நான்கு பேர் தங்கள் நேரத்தைச் செலவழித்து நாம் பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே நகர்த்தும் பொத்தானைத் தொடுமுன் ஒரே ஒரு சோதனை போதும்: இந்தக் கேள்வி அந்தத் தளத்திலேயே முதலில் வந்திருந்தால், அங்குள்ளவர்கள் இதற்கு மேல்நோக்கி ஓட்டுப் போடுவார்களா? "மூடமாட்டார்கள்" என்பது போதாது. இடம் மட்டும் தவறி, மற்ற எல்லாம் சரியாக இருக்கும் கேள்விதான் நகரத் தகுந்தது. இடமும் தவறி, தெளிவும் இல்லையென்றால் அதை இங்கேயே மூடுவதுதான் முறை. தரமில்லாததை நகர்த்தாதே என்பது இந்தத் தளங்களின் மாடரேட்டர்களிடையே ரொம்பப் பழைய விதி. அதைப் பலரும் சொல்கிறோம், பொத்தானை அழுத்தும்போதுதான் மறந்துவிடுகிறது.

எங்கே அடிக்கடி வழுக்குகிறது என்று சில உதாரணங்கள்.

ஒருவர் கோட் ஒட்டி, "இது ஓடவில்லை, என்ன தப்பு?" என்று கேட்கிறார். கீழே ஒரு கமென்ட்: "இது கோட் ரிவ்யூ தளத்துக்குப் போக வேண்டியது." இல்லை. கோட் ரிவ்யூ தளம் ஓடுகிற கோடை மட்டுமே ஏற்கும். உடைந்த கோட் அங்கே போனால் உடனே மூடுவார்கள். பெயரில் கோட் இருக்கிறது என்பதாலேயே எல்லாக் கோடும் அங்கே போய்விடாது.

அடுத்தது "இந்த டிசைன் நல்லதா, அந்த டிசைன் நல்லதா?" வகை. ஒரு காலத்தில் இதற்கெல்லாம் "புரோகிராமர்ஸ் தளத்துக்குப் போ" என்பது மந்திரம்போல இருந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எது செல்லாதோ அது எல்லாம் அங்கே செல்லும் என்று பலர் நினைத்தார்கள். அந்தத் தளத்தார் நொந்துபோனதுதான் மிச்சம். 2016-ல் பெயரையே சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்று மாற்றினார்கள். அங்கேயும் கருத்துக் கணிப்புக் கேள்விகள் மூடப்படும், "எந்த மொழி கற்கலாம்?" என்பதும் மூடப்படும். மென்பொருள் உருவாக்கும் முறை பற்றிய, குறிப்பிட்ட சூழலோடு எழுதிய, பதில் சொல்லத்தக்க கேள்விதான் அவர்களுக்கு வேண்டும்.

வீட்டு வைஃபை ரூட்டர் அடிக்கடி துண்டாகிறது என்ற கேள்வி சர்வர் ஃபால்ட்டுக்குப் போகாது. அது வேலை நிமித்தம் சர்வரும் நெட்வொர்க்கும் நிர்வகிப்பவர்களுக்கான இடம். வீட்டு ரூட்டருக்குச் சூப்பர் யூசர் பொருந்தும். ஆனால் "40,000 ரூபாய்க்குள் எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்றால் சூப்பர் யூசரும் ஏற்காது, வாங்கும் ஆலோசனை அங்கே விலக்கு. பரிந்துரைக்கென்றே தனித் தளங்கள் இருக்கின்றன. அவற்றிலும் தேவைகளை வரிசையாக எழுதாத கேள்வியைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் மூடுவார்கள்.

புள்ளியியலில் எல்லை இன்னும் மெல்லியது. ஆர் மொழியில் ஒரு ரிக்ரெஷன் ஓட்டி, "வந்த பி மதிப்பை எப்படிப் புரிந்துகொள்வது?" என்றால் கிராஸ் வேலிடேட்டட். அதே ஆர் மொழியில் "இந்தக் கட்டளை பிழை தருகிறது, டேட்டா ஃப்ரேமின் பத்தியை எப்படி எடுப்பது?" என்றால் அது வெறும் நிரல் கேள்வி, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே இருக்க வேண்டும். ஆர் என்ற டேக்கைப் பார்த்தே அங்கே தள்ளுபவர்கள் உண்டு. அந்தத் தளத்தார் அதைத் திருப்பி அனுப்புவார்கள், நியாயம்தான்.

இனி இரண்டு இடத்திலும் செல்லுபடியாகும் கேள்விகள். இதுதான் அதிகம் பேர் கவனிக்காதது. லேட்டெக்கில் அட்டவணையின் அகலம், இன்டெக்ஸ் போட்டும் மெதுவாக ஓடும் எஸ்க்யூஎல் வினவல், பைத்தானை நிறுவிய பிறகு கமாண்ட் புராம்ப்ட் அதை அடையாளம் காணாதது, இவையெல்லாம் நிரலர் அன்றாடம் புழங்கும் கருவிகளைப் பற்றியவை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் செல்லும். இன்னொரு தளத்தில் இன்னும் நன்றாகச் செல்லலாம். ஆனால் இருக்கும் இடத்தில் செல்லும் கேள்வியை, இன்னொரு இடம் மேலானது என்பதற்காக நகர்த்துவதில்லை. கேட்டவர் தேர்ந்தெடுத்த இடம் சரியான இடங்களில் ஒன்று என்றால் விவகாரம் அங்கேயே முடிந்தது. எங்கே அதிகம் நிபுணர் இருக்கிறார் என்பது கேட்டவர் தீர்மானிக்க வேண்டியது. வேண்டுமானால் ஒரு கமென்ட்டில் தகவலாகச் சொல்லுங்கள்.

கமென்ட் என்றதும் ஒரு எச்சரிக்கை. "சூப்பர் யூசரில் கேளுங்கள்" என்று எழுதிவிட்டு, அதே கையோடு நகர்த்தவும் ஓட்டுப் போடுகிறோம், அல்லது மாடரேட்டர் கவனிக்கும்படி ஃபிளாக் போடுகிறோம். கேட்டவர் சொன்ன பேச்சைக் கேட்டு அங்கே புதிதாகப் பதிந்துவிடுகிறார். பின்னாலேயே நகர்த்திய பிரதியும் வந்து சேர்கிறது. இப்போது ஒரே தளத்தில் ஒரே கேள்வி இரண்டு. ஒன்றில் ஒருவர் பதில் எழுத, மற்றதில் இன்னொருவர் எழுத, யாரோ உட்கார்ந்து இணைக்க வேண்டும். ஒரே கேள்வியை இரண்டு தளத்தில் போடுவது விதிமீறல் என்று கேட்டவருக்கு ஒரு திட்டும் விழும், அவர் செய்ததோ நாம் சொன்னதைத்தான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளாக் போட்டால் கமென்ட்டில் "மாடரேட்டர் பார்ப்பார், நீங்கள் மறுபடி பதிய வேண்டாம்" என்று எழுதுங்கள். கேட்டவரையே போகச் சொன்னால், "இங்கே இதை அழித்துவிட்டு அங்கே கேளுங்கள்" என்று எழுதுங்கள். எங்களைக் கேட்டால் பத்துக்கு ஒன்பது தடவை இரண்டாவது வழிதான் மேல். அங்கே தானே போய் கணக்குத் திறந்து, அந்தத் தளத்தின் விதியைப் பார்த்து, அதற்கேற்பத் திருத்தி எழுதிய கேள்வி, தூக்கிக்கொண்டுபோய்ப் போட்ட கேள்வியைவிட நன்றாகப் பிழைக்கும்.

அந்தக் கமென்ட்டில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: இங்கே ஏன் செல்லாது, எங்கே செல்லலாம், அங்கே போகுமுன் எதைச் சேர்க்க வேண்டும். உதாரணமாக: "இது நிரல் எழுதுவதைப் பற்றியதல்ல, விண்டோஸ் அமைப்பைப் பற்றியது. சூப்பர் யூசரில் கேட்கலாம், அவர்களுடைய உதவிப் பக்கத்தை முதலில் பாருங்கள். விண்டோஸ் பதிப்பையும் வரும் பிழைச் செய்தியை அப்படியே முழுதாகவும் சேருங்கள். இங்குள்ளதை அழித்துவிட்டு அங்கே பதியுங்கள்." இதை ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதி ஒரு கோப்பில் வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஆகும். வெறும் "ஆஃப் டாபிக்" என்ற இரண்டு சொல் யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

போகச் சொல்லுமுன் நீங்கள் அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். படித்த பிறகும் சந்தேகம் இருந்தால், அதே பொருளில் அங்கே ஒரு கேள்வி தேடுங்கள். திறந்தே இருக்கிறதா, ஓட்டு வாங்கியிருக்கிறதா, எப்போது கேட்டது? பத்து வருடத்துக்கு முன் கேட்டது திறந்து கிடந்தால் அது சாட்சியாகாது. எல்லைகள் அதற்குப் பின் மாறியிருக்கும். தேடியதில் விடையே கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது. வேறு தளத்துக் கேள்வியை நகல் என்று சுட்டி மூட வழியில்லை, ஆனால் கமென்ட்டில் சுட்டி தர யாரும் தடை சொல்லவில்லை.

இப்போது அழித்தல்.

டெலீட் ஓட்டு 10,000 புள்ளிக்காரர்களுடையது. மூடி 48 மணி நேரம் ஆன கேள்விக்கு அவர்கள் ஓட்டுப் போடலாம். சாதாரணமாக மூன்று ஓட்டு. 20,000 தாண்டியவர்கள், கேள்வியின் மதிப்பு (மேல் ஓட்டில் டவுன்வோட்டைக் கழித்தது) கழித்தல் மூன்றோ அதற்குக் கீழோ இருந்தால் மூடிய உடனேயே போடலாம். இது தவிர, யாருமே தொடாமல் தானாக ஓடும் துப்புரவு ஒன்று இருக்கிறது. தரையில் ஊர்ந்து பெருக்கும் இயந்திரத்தின் பெயரால் எல்லோரும் அதை ரூம்பா என்கிறோம். அதன் கணக்கு தெரியாமல் டெலீட் ஓட்டுப் போடுவது வீண்.

மூடி ஒன்பது நாள் ஆன கேள்வி, மதிப்பு பூஜ்யமோ அதற்குக் கீழோ, ஏற்கப்பட்ட பதிலும் இல்லை, மேல் ஓட்டு வாங்கிய பதிலும் இல்லை, ரீஓப்பன் ஓட்டு எதுவும் நிலுவையில் இல்லை, அந்த ஒன்பது நாளில் யாரும் திருத்தவும் இல்லை என்றால் ரூம்பா எடுத்துக்கொண்டு போய்விடும். நகல் என்று மூடியவற்றைத் தொடாது, அவை வழிகாட்டிப் பலகைகள். மூடாத கேள்விகளுக்கும் கணக்கு உண்டு: கழித்தலில் இருந்து, பதிலே வராமல் 30 நாள் தாண்டினால் போகும். பூஜ்யத்தில் நின்று, பதில் இல்லாமல், கமென்ட் ஒன்றுக்கு மேல் இல்லாமல், ஒரு வருடம் தாண்டி, பார்வை எண்ணிக்கை வயதின் நாள் கணக்கைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறாவிட்டாலும் போகும்.

ஆக, இடம் தவறி வந்த கேள்வியை மூடினாலே போதும். அதை யாரும் சீந்தவில்லை என்றால் ஒன்பதாம் நாள் தானே போய்விடும். அந்த ஒன்பது நாளும் கேட்டவருக்கான அவகாசம். நாம் மூன்றாம் நாளே டெலீட் ஓட்டுப் போட்டால் தளம் ஆறு நாள் முன்னதாகச் சுத்தமாகும், அதற்கு மேல் ஒரு லாபமும் இல்லை. கேட்டவருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். அவர் எழுதிய வரிகள், ஒட்டிய பிழைச் செய்தி, கீழே யாரோ சொன்ன வழி, எல்லாம் சாதாரணக் கண்ணுக்கு மறைந்துவிடும். உண்மையில் அழிந்த தன் கேள்வியை அவர் பார்க்க முடியும். நேரடிச் சுட்டி இருந்தால் திறக்கும், சொந்தப் பக்கத்தில் கேள்விகள் பட்டியலின் அடியில் சமீபத்தில் அழிந்தவை என்று ஒரு சுட்டியும் 60 நாள் வரைக்கும் காட்டும். ஆனால் புதிதாக வந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? இதையும் சேர்த்து ஒரு வரி கமென்ட்டில் சொன்னால், வேறு தளத்தில் பதியும்போது முழுவதும் மறுபடி தட்டச்ச வேண்டியிருக்காது.

இன்னொரு தழும்பும் உண்டு. கழித்தல் ஓட்டு வாங்கி அழிந்த கேள்விகள் புள்ளிக் கணக்கில் மறைந்தாலும், கேள்வி கேட்கும் தடையைத் தீர்மானிக்கும் கணக்கில் மறைவதில்லை. இழந்த புள்ளி திரும்பி வந்துவிடும், தடை வரவும் கூடும். ஆகவே இடம் மட்டும் தவறிய கேள்விக்கு டவுன்வோட்டு வேண்டாம். மூடுவது வேறு, டவுன்வோட்டு வேறு. பின்னது "இதில் உழைப்பே இல்லை, தெளிவே இல்லை" என்று சொல்வது. நன்றாக எழுதிய கேள்வி தப்பான கதவைத் தட்டியதற்கு மூடுதலே போதிய பதில். (கேள்விக்கு டவுன்வோட்டு போட நமக்குப் புள்ளி செலவாவதில்லை, பதிலுக்குப் போட்டால்தான் ஒரு புள்ளி போகிறது. இந்த இலவசம்தான் கையை அவ்வளவு லேசாக ஓட வைக்கிறதோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம்.)

பதில் எழுதியவரையும் மறக்க வேண்டாம். கேள்வி அழிந்தால் பதிலும் சேர்ந்து மறைகிறது. அந்தப் பதில் மூன்றோ அதற்கு மேலோ மதிப்பு வாங்கி 60 நாள் நின்றிருந்தால் புள்ளி அவரிடமே இருக்கும், இல்லாவிட்டால் போகும். இடம் தவறிய கேள்விக்கு நல்ல பதில் வந்துவிட்டது என்றால், மூடுங்கள், ஆனால் டெலீட் ஓட்டுப் போடாதீர்கள். வெளியே யாரோ ஒரு வலைப்பதிவிலோ கிட்ஹப் இஷ்யூவிலோ அதற்குச் சுட்டி கொடுத்திருப்பார்கள். அவர்கள் அழுத்தும்போது வெறும் "நீக்கப்பட்டது" பக்கம்தான் வரும்.

உடனே அழிக்க வேண்டியவையும் உண்டு. விளம்பரம், வசவு, யாருடைய கடவுச்சொல்லோ தொலைபேசி எண்ணோ வெளிப்பட்ட பதிவு. அவற்றுக்கு க்ளோஸ் வரிசையே தேவையில்லை, நேரே ஃபிளாக் போடுங்கள். அதில் ஒன்பது நாள் பொறுமை காட்டுவது முட்டாள்தனம்.

தமிழ் நண்பர்களுக்கு என்று எழுதியதால் இன்னொன்று. தமிழிலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ எழுதிய கேள்விகள் அவ்வப்போது வருகின்றன. போர்ச்சுகீசு, ரஷ்ய, ஜப்பானிய, ஸ்பானிஷ் மொழிகளுக்குத் தனி ஸ்டாக் ஓவர்ஃப்ளோக்கள் உண்டு. தமிழுக்குக் கிடையாது. ஆகவே இந்தக் கேள்வியை நகர்த்த இடமே இல்லை, மூடத்தான் வேண்டும். உதவும் ஆசையில் நாமே ஆங்கிலத்தில் மாற்றி எழுதிவிடலாம் என்று தோன்றும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும், விளக்கம் கேட்டு வரும் கமென்ட்களும் ஆங்கிலத்தில்தான் வரும். அவற்றைக் கேட்டவரால் சமாளிக்க முடியுமென்றால் மட்டும் மாற்றிக் கொடுங்கள். முடியாதென்றால் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரியும், அதன் கீழே கோடும் பிழைச் செய்தியும் போட்டு அவரே மறுபடி எழுதச் சொல்வது நல்லது. இலக்கணப் பிழைக்காக யாரும் மூடப்போவதில்லை. கோடும் பிழைச் செய்தியும் எல்லா மொழிக்காரருக்கும் ஒன்றுதான்.

மூடிய பிறகு கேட்டவர் திரும்பி வந்து திருத்தினால், சேமிக்கும்போது "மூடிய காரணம் சரியாகிவிட்டதா?" என்று கணினி கேட்கும். ஆம் என்றால் கேள்வி ரீஓப்பன் வரிசைக்கு வரும். க்ளோஸ் வரிசையில் இருக்கும் கூட்டத்தில் பாதிகூட அந்த வரிசையில் இருப்பதில்லை. ஒருநாள் க்ளோஸ் வரிசையில் உட்கார்ந்தால் மறுநாள் ரீஓப்பன் வரிசையில் உட்காரலாமே. அங்கே பார்க்கும்போது பழைய காரணத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். "இப்போது இடம் சரி, ஆனால் இன்னொரு குறை இருக்கிறது" என்று புதுக் காரணம் கண்டுபிடித்து மூடியே வைப்பது, வந்தவரை வாசலிலேயே நிற்க வைக்கும் வேலை. புதுக் குறை இருந்தால் திறந்துவிட்டுக் கமென்ட்டில் கேளுங்கள். மூடிய கேள்வியில் காற்புள்ளியை மட்டும் திருத்தும் நல்ல மனசுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் திருத்தம் ரூம்பாவின் ஒன்பது நாள் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓட வைக்கிறது. காப்பாற்றத் தகுந்ததை முழுதாகத் திருத்துங்கள், மற்றதைத் தொடாமல் விடுங்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு புதுக் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. முன்பு வரிசை நிரம்பி வழிந்தபோது அவசரத்துக்கு ஒரு நியாயம் இருந்தது, நொடிக்கு ஒன்றாக அழுத்தாவிட்டால் தேங்கிவிடும். இன்று அந்த நெருக்கடி இல்லை. உதவிப் பக்கத்தைத் திறந்து பார்க்கவும் ஒரு கமென்ட் எழுதவும் இப்போது நேரம் இருக்கிறது.

10,000 புள்ளி தாண்டியவர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். நல்ல பதிலோடு அழிந்த பழைய கேள்வி எதையாவது பார்த்தால் அன்டெலீட் ஓட்டுப் போடுங்கள். அதற்கும் மூன்றே ஓட்டுதான். மீதி இருவர் கிடைக்காவிட்டால், சுட்டியோடு மெட்டாவில் ஒரு பதிவு போட்டு, ஏன் திரும்ப வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். கேள்வி மூடியே இருக்கட்டும், பதில் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்களோடு அதே வரிசைகளில் ஓட்டுப் போடும் சிலர்